கராஜ் சேலுக்கு எதை எடுத்து வைப்பது, எதை விடுவது? (மாமியார் வீட்டுச் சாமான், சாட்ஸ்வொர்த், டர்பன்)

குரோஃப்ட்டீன் மருமகள்

எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை எங்கள் தெருவில் நான்கு வீடு சேர்ந்து கராஜ் சேல் போடுகிறோம், வீட்டுப் பழைய சாமானை வாசலிலேயே விற்பது. என் மாமியார் தவறி ஒன்றரை வருஷம் ஆகிறது, வருஷத் திதியும் முடிந்துவிட்டது, இந்த வீட்டைக் காலி செய்துவிட்டு நாங்கள் பைன்டவுன் பக்கம் இரண்டு அறை ஃபிளாட்டுக்குப் போகிறோம். அங்கே கராஜ் கிடையாது, ஸ்டோர் ரூம் கிடையாது, சமையலறையில் நான்கு அலமாரிதான். இங்கே இருப்பதோ அறுபது வருஷத்துச் சாமான்.

கல்யாணமாகித் திருச்சியிலிருந்து நான் இங்கே தென்னாப்பிரிக்காவுக்கு வந்து பன்னிரண்டு வருஷமாகிறது. எது இவர்களுக்கு முக்கியம், எது சும்மா கிடப்பது என்று இன்னும் எனக்கு முழுசாகத் தெரியவில்லை. கணவரைக் கேட்டால் "உனக்கு எது சரின்னு படுதோ செய்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நிற்கிறார். அவருக்கு அந்த அலமாரியைத் திறக்கவே மனசு வரவில்லை, அதைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

இருப்பதைச் சொல்கிறேன். பிரியாணி தேக்சா ஐந்து, அதில் பெரியதில் ஒரு குழந்தையை உட்கார வைக்கலாம். ஏ.எம்.சி. பாத்திரம் ஒரு செட். பித்தளைச் செம்பு, குடம், தாம்பாளம், காமாட்சி விளக்கு இரண்டு. அம்மிக்கல். மிதிக்கிற சிங்கர் தையல் மெஷின். பழைய டிஃபை கம்பெனி மின் அடுப்பு. டப்பர்வேர் டப்பா எண்ணவே முடியவில்லை. ஹாலில் ஒரு சுவரை அடைத்துக்கொண்டு ரூம் டிவைடர், அதற்குள் கண்ணாடி மீன், பொம்மை, ஒரு முறைகூடத் தண்ணீர் ஊற்றாத கிளாஸ் செட்டுகள். சேலை இரண்டு அலமாரி. லோட் ஷெடிங் (முறை வைத்த மின்வெட்டு) காலத்தில் வாங்கிய இன்வெர்ட்டர், கேஸ் அடுப்பு, சிலிண்டர். அப்புறம், தனியாகத் துணியில் சுற்றி வைத்த ஆறு பாத்திரம், அது எதற்கென்று எனக்குத் தெரியும், ஆனால் என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

எங்கிருந்து தொடங்குவது?

பீனிக்ஸ் அண்ணன்

தங்கச்சி, நான் இரண்டு தடவை போட்டிருக்கிறேன், ஒன்று அப்பா வீட்டுக்கு, ஒன்று எனக்கே. முதல் தடவை தப்பாகச் செய்தேன். வீட்டில் எது வேண்டாம் என்று பார்த்து அதையெல்லாம் மேஜையில் அடுக்கினேன். சாயங்காலம் முக்கால்வாசி அப்படியே இருந்தது. நமக்கு வேண்டாததை அடுத்தவர் எதற்காக வாங்க வேண்டும்? வாங்குகிறவன் திங்கட்கிழமை காலையில் அதை வைத்து என்ன செய்வான் என்று ஒவ்வொன்றையும் கையில் எடுத்துக் கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் மேஜைக்கு.

முதலில் போவது கருவி. மண்வெட்டி, கடப்பாரை, ஏணி, ஸ்பேனர் பெட்டி, தோட்டத்துக் குழாய். காலை ஆறரைக்கே பக்கியில் (பின்னால் திறந்த சின்ன லாரி) வந்து நின்றுவிடுவார்கள், எட்டு மணி என்று போர்டு வைத்தாலும் சரி. கராஜில் மாமனாருடைய சாமான் ஏதாவது இருந்தால் அதை முன்னால் வையுங்கள், ஆள் நிற்கிறதைப் பார்த்துத்தான் போகிற வண்டி நிற்கும்.

அடுப்பு டிஃபை என்றால் பயமில்லை. நம்ம டர்பன் ஜேக்கப்ஸ் பகுதிக் கம்பெனி, இங்கே எந்த ரிப்பேர்காரனுக்கும் அதன் உள்ளும் புறமும் தெரியும், சாமான் கிடைக்கும். ஆனால் ஓடுகிறதென்று காட்ட வேண்டும். மின்சாரச் சாமான் வைக்கிற மேஜையை வீட்டு பிளக்குக்குப் பக்கத்தில் போட்டு ஒரு எக்ஸ்டென்ஷன் இழுத்துவிடுங்கள். போட்டுக் காட்டாத கெட்டிலுக்குப் பாதி விலைகூடக் கிடைக்காது. ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸி இருந்தால் மின்சாரம் ஒன்றுதான், 230 வோல்ட், ஆனால் சின்ன மூன்று முள் பிளக் இங்கே பொருந்தாது. இருபது ரேண்ட் செலவு பண்ணிப் பெரிய உருண்டை முள் பிளக் மாற்றிவிட்டு வையுங்கள்.

சிலிண்டரை விற்காதீர்கள். டெபாசிட் கட்டி வாங்கின 9 கிலோ சிலிண்டர் கேஸ் கம்பெனிச் சொத்து, நம்முடையதில்லை. சீட்டு இருந்தால் எடுத்த கடையிலேயே கொடுத்து டெபாசிட்டைக் கேளுங்கள். அடுப்பை மட்டும் விற்கலாம், ரப்பர் குழாய் வெடித்திருந்தால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு. இன்வெர்ட்டரின் பேட்டரி எத்தனை வருஷம் ஆனது என்று உள்ளபடி எழுதி ஒட்டுங்கள். 2024 மார்ச்சுக்குப் பிறகு லோட் ஷெடிங் பெரும்பாலும் நின்றுவிட்டதால் அன்று கொடுத்த விலை இன்று வராது, அதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரூம் டிவைடர் பற்றிச் சொல்ல வருத்தமாக இருக்கிறது. யாரும் வாங்கமாட்டார்கள். இப்போது கட்டுகிற வீட்டில் அதற்குச் சுவரே இல்லை.

மிட்ராண்ட் குமரன்

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போன வருஷம் மதுரையில் என் பெற்றோர் வீட்டைக் காலி செய்தோம். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து யோசித்ததில் பதினோரு நாள் போனது, லீவு முடிந்துவிட்டது, கடைசியில் எல்லாவற்றையும் சித்தப்பா வீட்டு மாடியில் போட்டுவிட்டு வந்தோம். இன்றைக்கும் மழையில் அங்கேதான் இருக்கிறது. அதனால் சொல்கிறேன், நீங்கள் எடுத்துப்போகப் போவது எது என்று முதலில் ஒரு பெட்டி அளவுக்குத் தீர்மானித்துவிடுங்கள். மற்றது எல்லாம் விற்பனைக்கு. பித்தளை உட்பட. அம்மி உட்பட. பித்தளைக்குப் பழைய உலோகம் வாங்குகிறவர்களிடமே கிலோக் கணக்கில் விலை உண்டு. பொருள் போனால் ஆள் போய்விடமாட்டார்.

டோங்காட் டீச்சர்

மகளே, நான் இங்கேயே பிறந்தவள், மாலைத் தமிழ்ப் பள்ளியில் படித்து அங்கேயே முப்பது வருஷம் சொல்லிக்கொடுத்தவள். என் தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் துணியில் சுற்றிய ஆறு பாத்திரம் புரட்டாசிப் பாத்திரம். உங்களுக்கும் தெரிந்திருக்கிறது. இந்த நாட்டில் நம் வீடுகளில் புரட்டாசிக்கும் காவடிக்கும் ஆடிக் கூழுக்கும் தனியாக ஒரு செட் வைத்திருப்போம், கறி, மீன், முட்டை படாதது. உங்கள் மாமியார் அதைத் தனியாகச் சுற்றி வைத்தது அடுத்த புரட்டாசிக்கு எடுப்பதற்காக. ஆகஸ்ட் கடைசியில் சேல் போடுகிறீர்கள், செப்டம்பர் நடுவில் புரட்டாசி பிறக்கிறது. அந்தச் செட்டை மேஜையில் வைத்தால் உடனே போகும், அதில் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் விரதம் இருக்கிற வீடா என்று முதலில் உங்களையே கேளுங்கள். இருக்கிற வீடு என்றால் நான்கு அலமாரியில் ஒன்று அதற்குப் போகட்டும்.

விற்கிற பாத்திரம் எதுவானாலும் கறி பட்டதா படாததா என்று சீட்டில் எழுதுங்கள். நம்மவர்கள் கேட்பார்கள். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடக் கூடாது, ஒரு மாசம் விரதத்துக்கு அதில் சமைக்கப் போகிறவர்கள்.

விளக்கைக் கராஜ் சேலில் வைக்காதீர்கள். மிட்ராண்ட் தம்பி சொல்வது அவருக்குச் சரியாக இருக்கலாம். தினமும் திரி போட்டு ஏற்றிய காமாட்சி விளக்கை அலங்காரத்துக்கு வாங்கிப்போய்க் குளியலறை ஜன்னலில் வைத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். குடும்பத்தில் ஒரு பெண்ணுக்குக் கொடுங்கள், யாருக்கும் வேண்டாம் என்றால் கோயிலில் கேளுங்கள்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். விற்பதற்கு முன் எல்லாப் படத்தையும் சட்டத்திலிருந்து கழற்றிப் பின்னால் பாருங்கள், எல்லா டப்பாவையும் திறந்து பாருங்கள், தையல் மெஷின் இழுப்பறையைப் பாருங்கள். நம் பெரியவர்கள் தாள்களைச் சாமி படத்துக்குப் பின்னால்தான் வைப்பார்கள். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து இங்கே வந்தவர்கள் 1,52,184 பேர், ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, கப்பல் பெயர், அப்பா பெயர், வயது, ஊர் எல்லாம் பதிவேட்டில் எழுதினார்கள். அந்த எண் ஒரு துண்டுத் தாளில் இருந்தால்கூடப் போதும், அதை வைத்துக் கிராமம்வரை போய்விடலாம். எங்கள் வீட்டில் தாத்தாவின் தாள் ஒரு பழைய பிஸ்கட் டின்னோடு போய்விட்டது. யாருக்குப் போனது என்று இன்றுவரை தெரியாது.

அம்மி எங்கிருந்து வந்தது என்று உங்கள் கணவரைக் கேட்டீர்களா?

குரோஃப்ட்டீன் மருமகள்

டீச்சர் அம்மா, நேற்று ராத்திரி கேட்டேன். அதுவரை ஒன்றும் பேசாதவர் அம்மி என்றதும் வந்து உட்கார்ந்துவிட்டார். மாமியார் பிறந்தது டர்பன் மேகசின் பாரக்ஸில். நகராட்சியில் வேலை செய்த தமிழ்க் குடும்பங்கள் இருந்த இடம், இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தில் 1960களில் எல்லோரையும் எழுப்பிச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்களே, அங்கிருந்து லாரியில் ஏற்றிய சாமானில் இந்த அம்மியும் ஒன்று. லாரிக்காரர் கல்லையெல்லாம் ஏற்றமாட்டேன் என்றாராம், இவருடைய ஆயா, அதாவது பாட்டி, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாராம். குழவியைப் பிடிக்கிற இரண்டு முனையும் வழவழவென்று தேய்ந்து நடுவில் ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் சரிந்திருக்கிறது, என் மாமியார் இடது கைக்காரர்.

தேக்சாவை இன்று கழுவி வெயிலில் கவிழ்த்தேன். எல்லாவற்றின் அடியிலும், மூடியின் உள்பக்கத்திலும், சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு புள்ளியும் "கே" என்ற எழுத்தும். ஊரில் பாத்திரக் கடையில் பெயர் வெட்டிக் கொடுப்பார்கள், இங்கே நெயில் பாலிஷ். தெருவில் எந்தக் கல்யாணம், எந்தச் சாவு என்றாலும் இந்தத் தேக்சாதான் போகும், திரும்பி வரும்போது மாறிவிடக் கூடாதே. ஒரு மூடியில் மட்டும் பச்சை நிறத்தில் "எஸ்" என்று இருக்கிறது. அது நம்முடையது இல்லை! நம்முடைய மூடி யார் வீட்டிலோ இருக்கிறது.

விளக்கை விற்கவில்லை. ஒன்று நாத்தனாருக்கு, ஒன்று எனக்கு. புரட்டாசிச் செட்டில் மூன்று எடுத்துக்கொள்கிறேன், மூன்று அவருக்கு.

பெரிய தேக்சா ஐந்தையும் என்ன செய்ய? இந்தச் சைசை யார் வாங்குவார்கள்?

மெரிபேங்க் அக்கா

தேக்சாதான் முதலில் போகும், கண்ணு, கவலையே வேண்டாம். நம்மவர்கள் இப்போது கேட்டரிங் சொல்லிவிடுகிறார்கள், வாங்கமாட்டார்கள். ஜூலு அம்மாக்கள் வாங்குவார்கள். அவர்கள் வீட்டிலும் சாவு, கல்யாணம் என்றால் ஊரே வரும், வீட்டுப் பெண்கள் முற்றத்தில் விறகு வைத்துச் சமைப்பார்கள், பெரிய பாத்திரத்தின் அருமை அவர்களுக்குத் தெரியும். கடையில் புதுசு கேட்டால் தலை சுற்றுகிற விலை. மூடியோடு கொடுங்கள். பொருந்தாத மூடியானாலும் மூடி வேண்டும். விலையைக் கொஞ்சம் இறக்கிக் கொடுங்கள், அது நல்ல இடத்துக்குப் போகிறது.

டப்பர்வேருக்கு ஒரே வேலை, மூடியைத் தேடிப் போடுவது. ஒரு சாயங்காலம் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஜோடி சேருங்கள். ஜோடி சேர்ந்ததை மேஜையில் வையுங்கள், மற்றதை ஒரு கூடையில் கொட்டி "எதை எடுத்தாலும் ஐந்து ரேண்ட்" என்று எழுதிவிடுங்கள். மஞ்சள் கறை ஏறியதை விற்காதீர்கள், அது போகாது, உங்கள் மேஜையையே அழுக்காகக் காட்டும்.

ஏ.எம்.சி. செட்டைக் கராஜ் சேலில் வைக்காதீர்கள். சொந்தக்காரர்களுக்கு ஒரு வாட்ஸாப் செய்தி அனுப்பினால் அன்றே போய்விடும், நல்ல விலையும் வரும். மேஜையில் வைத்தால் பத்து பேர் ஐம்பது ரேண்டுக்குக் கேட்பார்கள்.

சேலைக்கு இதைச் செய்யுங்கள். டர்பன் ஈரத்தில் அலமாரிச் சேலை மடிப்பில் இற்றுப்போயிருக்கும், வெளியே தெரியாது. விரித்து, மடிப்பில் இரண்டு கையாலும் லேசாக இழுத்துப் பாருங்கள். கிழிந்தால் அது மெத்தை உறைக்கு. கிழியாததை ஒரு கயிற்றில் தொங்கவிடுங்கள், மடித்து வைத்தால் ஒருத்தரும் பார்க்கமாட்டார்கள். ஆனால் ஆகஸ்ட் காற்று, கிளிப் போடுங்கள்.

கடைசிச் சனிக்கிழமை என்பது நல்ல யோசனை, 25 தேதிக்குச் சம்பளம் வந்திருக்கும். ஆனால் சாட்ஸ்வொர்த்தில் பங்களாதேஷ் மார்க்கெட் என்கிற காய்கறிச் சந்தை நாளும் அதுதான், எல்லோரும் காலையில் காய்கறிக்குப் போய்விட்டுத்தான் வருவார்கள், பத்து மணிக்குக் கூட்டமில்லை என்று விலையை இறக்கிவிடாதீர்கள்.

பணம் விஷயம். சில்லறை நிறைய வைத்துக்கொள்ளுங்கள். போனில் அனுப்பிவிட்டேன் என்று எஸ்.எம்.எஸ். காட்டினால் நம்பாதீர்கள், உங்கள் கணக்கில் பணம் வந்து நிற்பதை நீங்களே பார்த்த பிறகுதான் சாமானைத் தூக்க விட வேண்டும். என் தங்கை ஒரு மைக்ரோவேவ் அப்படித்தான் கொடுத்தாள். வீட்டுக்குள் யாரையும் விடாதீர்கள், பாத்ரூம் கேட்டாலும் சரி. சாமான் எல்லாம் கராஜ் வாசலோடு நிற்கட்டும்.

மிட்ராண்ட் குமரன்

அம்மி கதையைப் படித்தேன். அதை விற்கச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஃபிளாட்டில் எங்கே வைப்பீர்கள்? அதையும் யோசியுங்கள், பால்கனியில் வெயிலில் போடுவதற்கு இரண்டு மாடி தூக்க வேண்டாம்.

லெனேசியா அம்மா

ஒன்றை யாரும் சொல்லவில்லை. பேரப்பிள்ளைகளின் கார் சீட் இருந்தால் விற்காதீர்கள். ஒரு விபத்தில் அடிபட்டதா என்று வாங்குகிறவருக்குத் தெரியாது, பெல்ட் பழசானது கண்ணுக்கும் தெரியாது. பக்கவாட்டுக் கம்பி இறங்குகிற பழைய தொட்டிலும் அப்படித்தான், பிள்ளை இடுக்கில் மாட்டிக்கொள்ளும். நான் எங்கள் தொட்டிலைப் பிரித்துச் செடிக்குக் கொம்பாக நட்டேன். திரி போட்ட பாரஃபின் அடுப்பும் வேண்டாம், சாய்ந்தால் வீடே போய்விடும். பத்து ரேண்டுக்காக இன்னொரு வீட்டுக்கு அதை அனுப்ப என் மனசு ஒப்பவில்லை.

பழைய போன், லேப்டாப் கொடுப்பதானால் உள்ளே இருப்பதை அழித்துவிட்டு, சிம்மை எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

பீனிக்ஸ் அண்ணன்

சிங்கர் மெஷினை மறந்துவிட்டோம். இரும்புக் காலை மட்டும் மேஜை செய்ய வாங்குகிறவர்கள் வருவார்கள், அதிக விலையும் சொல்வார்கள். தலையைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். தைக்கிறவருக்குக் கொடுங்கள் என்று நான் சொல்வேன். புதுத் தோல் பெல்ட் போட்டு, நான்கு சொட்டு எண்ணெய் விட்டு, ஒரு துணியில் நேராகத் தைத்து அந்தத் துணியை ஊசிக்குக் கீழேயே விட்டுவிடுங்கள். அதைப் பார்க்கிற தையல்காரர் வேறு ஒன்றும் கேட்கமாட்டார்.

குரோஃப்ட்டீன் மருமகள்

சேல் முடிந்துவிட்டது. இரண்டு நாளாக முதுகு நிமிரவில்லை, அதனால்தான் தாமதம்.

அண்ணா சொன்ன மாதிரியே, ஆறு நாற்பதுக்கு முதல் பக்கி. மாமனாரின் ஏணியும் கடப்பாரையும் அதிலேயே போயின. அக்கா, தேக்சா ஐந்தில் மூன்றை பக்கத்து உம்லாசியிலிருந்து வந்த ஒரு ஜூலு அம்மாவே எடுத்துக்கொண்டார், அவர்கள் சர்ச்சில் பெண்கள் சேர்ந்து வாங்குகிறார்களாம். ஒவ்வொன்றையும் தூக்கி, விரல் மடக்கால் அடியில் தட்டிச் சத்தம் கேட்டுத்தான் எடுத்தார். சிவப்புப் புள்ளியைக் காட்டி இது என்ன என்று கேட்டார். சொன்னேன். தங்கள் பாத்திரத்துக்கு நூல் கட்டுவோம், அது சமைக்கும்போது எரிந்துவிடும், இது நல்ல வழி என்று சொல்லிவிட்டு என்னிடமே அந்த நெயில் பாலிஷ் இருக்கிறதா என்று கேட்டார். மாமியாரின் டிரெஸ்ஸிங் டேபிளில் பாதி பாட்டில் இருந்தது, கொடுத்துவிட்டேன்.

பச்சை "எஸ்" மூடிக்கு உடையவர் கிடைத்துவிட்டார், பக்கத்துத் தெரு அம்மா! மேஜையில் மூடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய் எங்கள் மூடியைக் கொண்டுவந்தார். எத்தனை வருஷமாக மாறிக் கிடந்தது என்று அவருக்கும் நினைவில்லை.

கண்ணாடி மீன் போகவில்லை. கிளாஸ் செட் நான்கில் ஒன்றுதான். ரூம் டிவைடரை யாரும் திரும்பியும் பார்க்கவில்லை, ஒரு தச்சர் பலகைக்காக வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார், நாங்கள் பணம் வாங்கவில்லை. சேலை எதிர்பார்த்ததைவிட நன்றாகப் போனது, இழுத்துப் பார்த்ததில் பதினேழு இற்றுப்போயிருந்தன. மடிப்போடு வைத்திருந்தால் அவற்றையும் விற்றிருப்பேன், யாராவது ஒருத்தி கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு கிழித்திருப்பாள். சிங்கரை விற்கவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி அண்ணா சொன்னபடி எண்ணெய் விட்டுத் தைத்துப் பார்த்தேன், அந்தச் சத்தம் கேட்டு என் கணவர் எழுந்து வந்துவிட்டார். எங்களோடு வருகிறது. ஃபிளாட்டில் சாப்பாட்டு மேஜை அதுதான்.

டீச்சர் அம்மா, படங்களை எல்லாம் கழற்றினேன். முருகன் படத்துக்குப் பின்னால் அட்டைக்கும் படத்துக்கும் நடுவில் நான்காக மடித்த ஒரு தாள். மடிப்பில் கொஞ்சம் போய்விட்டது, ஆனால் எண் இருக்கிறது, கப்பல் பெயர் பாதி இருக்கிறது, அப்பா பெயர் தெளிவாக இருக்கிறது. கணவர் அதைப் படம் எடுத்து அண்ணன் தம்பி எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். அசலை எப்படி வைப்பது?

அம்மிதான் மிச்சம். நாத்தனார் வீட்டிலும் இடமில்லை. விற்க மாட்டோம்.

டோங்காட் டீச்சர்

மகளே, தாளை லேமினேட் செய்துவிடாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். மடிப்பை விரித்து இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் ஒரு கெட்டி அட்டைக் கோப்பில் தட்டையாக வையுங்கள், ஈரம் படாத அலமாரியில். டர்பனில் டெர்பி தெருவில் 1860 பாரம்பரிய மையம் இருக்கிறது, அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். எண் தெளிவாக இருக்கிறதே, ஊர்ப் பெயர் கிடைத்துவிடும்.

அம்மியை எங்கள் பள்ளிக்குக் கொடுக்கச் சம்மதம் என்றால் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வருகிறேன். பொங்கலுக்குப் பிள்ளைகள் மஞ்சள் அரைத்துப் பார்க்கட்டும், இடது கைப் பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். யார் வீட்டு அம்மி என்று ஒரு பலகையில் எழுதி வைப்போம், பெயரை உங்கள் கணவர் எழுதித் தரட்டும். தூக்குவதற்குப் பேரன் இரண்டு பேரைக் கூட்டிவருகிறேன். நீங்கள் அதைத் தொட வேண்டாம், முதுகு முதலில் சரியாகட்டும்.